ஆலோசனைக் கம்பெனியில் நான்காவது ஆள்

ஆலோசனை சொல்வதற்குப் பணம் வாங்கும் தொழில் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது, அதில் நான் வேலைக்குச் சேரும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்தளையில் நாங்கள் குடியிருந்த தெருவில் அது இலவசமாகவே தேவைக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது.

கம்பெனியின் தலைமைக் கந்தோர் லண்டனில். பம்பாய், சிங்கப்பூர், நைரோபி ஆகிய இடங்களில் கிளைகள். தேயிலைத் தோட்டமோ, துறைமுகமோ, வங்கியோ, கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பார்ப்பார்கள். எந்த இயந்திரம் வாங்கலாம், யார் என்ன வேலை செய்யலாம், யார் செய்ய வேண்டியதில்லை என்று அறிக்கை கொடுப்பார்கள். இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தைச் சீர்படுத்த அவர்களை வரவழைத்திருந்தார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எனக்குத் தெரிந்தவர்கள் இன்னும் அங்கே வேலை செய்கிறார்கள். வந்தவர்கள் கம்பெனியை நடத்தும் பங்காளிகள் மூன்று பேர். மிஸ்டர் ஆல்டன் லண்டன்காரர், நிர்வாகம் அவர் பொறுப்பு. மிஸ்டர் தெல்வத்த கொழும்புக்காரர், செலவுக் கணக்கு அவருடையது. மிஸ்டர் வரதன் சென்னையில் பிறந்து பம்பாயில் இருந்தவர், இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர். நான் அவர்களுக்கு உதவியாளன், மொழிபெயர்ப்பாளன்.

என் வேலை தற்காலிகமானது. ஆனால் நேர்முகத்தின்போது மிஸ்டர் ஆல்டன் ஒன்று சொன்னார். போகிற நாட்டிலெல்லாம் உள்ளூர் இளைஞன் ஒருவனைக் கவனித்து வைத்து, தேவை என்று பட்டால் லண்டனில் பயிற்சி கொடுத்து, அடுத்த நாட்டுக்குத் தங்களோடு அழைத்துப் போவது அவர்கள் வழக்கமாம். 'தேவை என்று பட்டால்' என்பது என் காதில் சரியாகத்தான் விழுந்தது. இருந்தாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மிச்சத்தைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் மேசைக்குச் சற்றுத் தள்ளி, கையில் ஒரு கோப்புடன் நின்று பழகியவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

என்ன சரக்கு?

அப்பா டவுனில் மிளகு, கொக்கோ, பாக்கு வாங்கும் கடையொன்றில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர். நான் பட்டம் வாங்கிய செய்தியைக் கடை முழுவதும் சொல்லியிருந்தார். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. என்ன வேலை என்று முதலாளி கேட்டிருக்கிறார். அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீயே வந்து சொல்லிவிடு என்று என்னை அழைத்துக்கொண்டு போனார்.

சாக்குகளுக்கு நடுவில் நின்று, முன்பே மனதில் எழுதிவைத்திருந்ததை ஒப்பித்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார். கம்பெனி என்ன விற்கிறது என்றார். ஆலோசனை என்றேன். யார் வாங்குகிறார்கள்? பெரிய பெரிய கம்பெனிகள். சரக்கு சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா? அப்படி ஒரு ஏற்பாடு இருப்பதாகத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அப்பா என் முகத்தையும் முதலாளியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி சாக்கிலிருந்து ஒரு பிடி மிளகை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி சாக்கிலேயே போட்டார்.

"பெருமாளு, உங்க மகன் பொழைச்சுக்குவான். சரக்கு இல்ல, சாக்கு இல்ல, மழைக்குப் பயமில்ல. நாமதான் முட்டாளுங்க, மொளகக் காய வச்சுக்கிட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

மாலை யாருக்கு?

கம்பெனியில் தலைவர் என்று தனியாக ஒருவர் கிடையாது. மூன்று பங்காளிகளும் சமம். எந்த முடிவையும் மூவரும் சேர்ந்தே எடுப்பார்கள். மிஸ்டர் ஆல்டனுக்கு இதில் மிகவும் பெருமை. தோட்டத்துக்குப் போன முதல் காலையில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, வேறெதற்கும் முன்னால் இதைத்தான் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். பெரிய துரை, சின்னத் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று படிப்படியாகப் பார்த்துப் பழகியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மூவரையும் பார்த்தார்கள்.

தலைக் கங்காணி வழக்கப்படி பெரியவருக்கு ஒரு செவ்வந்தி மாலையும் கூட வருபவர்களுக்கு எலுமிச்சம்பழமும் தயாராக வைத்திருந்தார். மாலையோடு அவர் மிஸ்டர் ஆல்டனிடம் போக, அவரோ தாங்கள் மூவரும் சமம் என்பதைக் காட்டுவதற்காக மிஸ்டர் தெல்வத்தவைக் கைகாட்டினார். அவர் சிரித்துக்கொண்டே மிஸ்டர் வரதனைக் காட்டினார். மிஸ்டர் வரதன் கும்பிட்டபடி மிஸ்டர் ஆல்டனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கங்காணி ஒரு கணம் என்னைப் பார்த்தார். எனக்கும் ஒரு கணம் அந்த மாலை என் கழுத்தில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் கங்காணி நிதானமாக நடந்துபோய், மாலையைக் காரின் முன்பக்கத்தில் சாத்திவிட்டு வந்தார். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"ஆளுங்க மூணு பேரு, தம்பி. அதுல யாரு பெருசுன்னு எனக்குத் தெரியல. காரு ஒண்ணுதானே."

ஸ்டாப் வாட்ச்

கொழுந்து பறிப்பவர்களின் கை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பதுதான் முதல் வேலை. மிஸ்டர் ஆல்டன் ஸ்டாப் வாட்சோடு தேயிலைச் செடிகளின் நிரைக்குள் இறங்கி, முத்தம்மா என்ற பெண்ணுக்குப் பின்னால் நின்றார். தோட்டத்தில் நன்றாகப் பறிப்பவர் என்று அவரைத்தான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கடிகாரத்தை அழுத்தியதும் முத்தம்மா கையை நிறுத்திவிட்டுச் செடியோரமாக ஒதுங்கி நின்றார். துரை நிரைக்குள் வந்தால் வழிவிட்டு நிற்பது அங்கே மரியாதை. மிஸ்டர் ஆல்டன் தொடரச் சொன்னார். முத்தம்மா தொடர்ந்தார், துரை ஓர் அடி முன்னால் வைத்தார், முத்தம்மா மறுபடி ஒதுங்கினார். அன்று அளந்ததன்படி, தோட்டத்திலேயே மிகவும் மெதுவாகப் பறிப்பவர் முத்தம்மாதான்.

அதனால் மறுநாள் துரைமார் வேண்டாம், நான் மட்டும் அளப்பது என்று முடிவாயிற்று. அதுவும் முத்தம்மாவின் கண்ணில் படாமல். மூன்று பங்காளிகளும் கலந்து பேசி எடுத்த முடிவு. கம்பெனி என்னை நம்பிக் கொடுத்த முதல் பொறுப்பு என்று, தேய்த்த சட்டையோடு செடிகளுக்கு நடுவில் குந்தியிருந்தேன். காலில் அட்டை ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை. முத்தம்மா பறித்துக்கொண்டே வந்தார். நேரே என் தலைக்கு மேல் வந்தபோதும் அவர் கை நிற்கவில்லை.

"எந்திரிச்சு நின்னே பாருங்கய்யா, குத்தமில்ல. எங்க வீட்டுக்காரரே இம்புட்டு நேரம் என்னைப் பாத்ததில்ல."

கதவு

சாயங்காலம் ஆனால் மூவரும் பங்களாவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். தோட்டத்தின் வரைபடம் மேசையில் விரிந்திருக்கும். அன்றன்று பார்த்ததைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் முகம் சுளிக்காமல் மறுப்பார். முதலில் சொன்னவர் கோபப்படாமல் அதை ஏற்றுக்கொண்டு இன்னொரு பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் ஒரு கருத்தை மறுத்தால் சாப்பாடு ஆறிப்போகும். பல்கலைக்கழகத்தில்கூட நாங்கள் விரிவுரையை எழுதிக்கொண்டோமே தவிர, யாரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. ஏதாவது தமிழ்ச் சொல் தேவைப்பட்டால் கூப்பிடட்டும் என்று நான் கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம், மேல் மலையில் பறிக்கும் பெண்கள் மட்டும் ஏன் கொழுந்தை நிறுக்கும் பகல் நிறுவைக்குப் பிந்தி வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. பாதையின் சரிவு என்றார் ஒருவர். கூடையின் கனம் என்றார் இன்னொருவர். கம்பியில் சாக்குகளை இறக்கும் இயந்திரம் போடலாமா என்பதுவரை போய்விட்டார்கள். மேல் மலையில் பால்குடி மறக்காத பிள்ளைகளின் தாய்மார் அதிகம். அவர்கள் இறங்கும் வழியில் பகலில் பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அது எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் ஒரு பெண் சொல்லியிருந்தார். சொல்ல வேண்டும் என்று இருந்தது. கூப்பிடாமல் பேசினால் தப்பாகிவிடுமோ என்று பயம். அவர்கள் இயந்திரத்தின் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது, கதவில் கையை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்டர் ஆல்டன் நன்றி சொன்னார். மிஸ்டர் வரதன் இயந்திரப் படத்தை மடித்து வைத்தார். மிஸ்டர் தெல்வத்த மட்டும் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"இனிமேல் இப்படி ஏதாவது தெரிந்தால் உள்ளே வந்து சொல்லுங்கள், மிஸ்டர் நடேசன். வாசலில் நின்று சொன்னால் நல்ல யோசனைகூட மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கிறது."

வாடும் அட்டைகள்

மறுநாளிலிருந்து கதவுக்கு உள்பக்கமாக நின்றேன். உட்காருங்கள் என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் மிஸ்டர் வரதனின் அட்டைகள் பம்பாயிலிருந்து வந்தன. ஆளுக்கொரு அட்டை. அதில் துளை போட்டு இயந்திரத்தில் விட்டால், யார் எத்தனை இறாத்தல் பறித்தார், எத்தனை நாள் வந்தார் என்பதை அதுவே கூட்டித் தந்துவிடும். இயந்திரம் கொழும்பில், அட்டைகளைத் தோட்டத்தில் தயார் செய்து அனுப்ப வேண்டும். வருங்காலம் இந்தத் துளைகளில்தான் இருக்கிறது என்று மிஸ்டர் வரதன் என்னிடம் சொன்னபோது நான் முழுமனதோடு நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பம்பாயில் யாரும் யோசிக்காத ஒன்று, எங்கள் பக்கத்து மலையில் இறங்கும் மூட்டம். இரண்டு நாளில் அட்டைகள் ஈரம் குடித்து உப்பி, அப்பம்போல ஓரம் சுருண்டுவிட்டன. தோட்டத்தில் காய்ந்த காற்று அடிக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: தொழிற்சாலையின் மேல் மாடி, கொழுந்தை வாடப் போடும் தட்டுகள். மிஸ்டர் வரதனும் நானும் அட்டைகளைக் கொழுந்துக்குப் பக்கத்தில் வரிசையாகப் பரப்பினோம். அந்த வழியாக வந்த, தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டுத் தட்டாகப் பார்த்தார். ஓர் அட்டையை எடுத்து மடக்கிப் பார்த்தார். கொழுந்தை மடக்கிப் பார்ப்பதுபோலவே காதோரம் வைத்தும் கேட்டார்.

"இன்னும் வாடணும் சார். இப்பவே உருட்டினா கசக்கும்."

நான்கு அறைகள்

நான் மாத்தளையிலிருந்து இரத்தோட்டை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து தோட்டத்து லொறி கிடைத்தால் லொறியிலும் கிடைக்காவிட்டால் நடந்தும் போய்வருவேன். பங்காளிகளுக்குக் கார். ஒரு மழை நாள், தெருவோரம் நனைந்துகொண்டிருந்த என்னைக் கண்டு காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். முன்னால் சாரதி பண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆசனம் நனையக்கூடாதே என்று முன்னால் சாய்ந்தே இருந்தேன்.

பின்னால் அடுத்த வேலையைப் பற்றிப் பேச்சு. நைரோபி, அதற்குப் பிறகு சிங்கப்பூர். எங்கள் ஆட்கள் யட்டவத்தச் சந்தைக்குப் போவதைப் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். அப்போது மிஸ்டர் ஆல்டன், நைரோபி ஹோட்டலில் நான்கு அறை சொல்லிவைக்க வேண்டும் என்றார். நான்கு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் வழிந்த மழையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்றிரவு சாப்பிடும்போது அம்மா என்னவென்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன். அடுத்த நாள் நூலகத்துக்குப் போய் உலக வரைபடத்தில் நைரோபியைப் பார்த்தேன். அது மலைப் பிரதேசம், மாத்தளையைவிடக் குளிரும் என்று பூகோளப் புத்தகத்திலிருந்து தெரிந்தது. அம்மாவிடம் ஒரு கம்பளிச் சட்டை வேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அம்மா எதற்கென்று கேட்காமல் பின்னத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு எதையும் உறுதி செய்துகொள்ளாமல் இருக்க முடியாது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பண்டா காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய், நான்காவது அறை யாருக்காக இருக்கும் என்று கேட்டேன். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார். பேசினால் ஒளிக்கவும் மாட்டார்.

"சாமானுக்கு, தம்பி. வரைபடம், அட்டை, பொட்டி எல்லாம் வைக்க. போன ஊர்லயும் அப்படித்தானாம். ஆனா நீங்க ஒல்லிதானே, சாமானோட ஓரமா படுத்துக்கலாம்."

நிற்பதும் வேலை

கம்பெனியின் முறைப்படி எந்த வேலையையும் நான்காகப் பிரிக்கலாம்: செய்தல், நடந்துபோதல், சரிபார்த்தல், காத்திருத்தல். முதல் மூன்றுக்கும் ஏதோ ஒரு பயன் உண்டு. நான்காவது வீண். தோட்டத்தில் எவ்வளவு காத்திருத்தல் இருக்கிறது என்று பார்த்தபோது பங்காளிகளே ஆச்சரியப்பட்டார்கள். ஒவ்வொருவரின் நாளையும் இந்த நான்காகப் பிரித்து எழுதிய தாள்களின்படி அதிகம் காத்திருந்தவர் சவரிமுத்துக் கணக்கப்பிள்ளை. மலையில் ஒரு பாறைமேல் நின்று, பகல் முழுக்கப் பறிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவர் வேலை. அந்த மலைக்கும் அடுத்த மலைக்கும் சேர்த்து ஒரு கணக்கப்பிள்ளை போதும் என்று அறிக்கையில் எழுதுவதென முடிவாயிற்று.

அதை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொல்லுமுன் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். வேலை போகாது, தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு மாற்றுவார்கள் என்பதை முதலில் சொன்னேன். அது உண்மைதான். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். படித்தேன். கோபப்படவில்லை, மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் நிக்கிறத மட்டும்தான் தம்பி அளந்திருக்காங்க. நான் எறங்கிப் போனப்பறம் மலை எப்படி இருக்குன்னு யாரு அளந்தா?"

இதை மொழிபெயர்த்து அன்று மாலை மேசையில் சொன்னேன். நல்ல கேள்வி என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். அறிக்கை மாறவில்லை.

என்னுடைய தாள்

வேலை முடியும் வாரத்தில் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்களை அளந்த அதே தாளில் தங்களையும் அளந்துகொள்வார்கள். பங்காளிகளுக்கும் விலக்கு இல்லை. ஒவ்வொருவரும் தன் நாளைத் தானே நிரப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த வேலைக்கு எத்தனை பேர் தேவை என்பதை அதை வைத்தே முடிவு செய்வார்கள். இதைவிட நியாயமான ஒன்றை நான் எந்தக் கந்தோரிலும் கேள்விப்பட்டதில்லை. எனக்கும் ஒரு தாள் தந்தார்கள். பங்காளிகளுக்குத் தந்த அதே தாள். அதைப் பையில் வைத்துக் கசங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீட்டில் கம்பளிச் சட்டை ஏறக்குறைய முடிந்திருந்தது. ஒரு கைதான் பாக்கி. அம்மா அதை என் தோளில் வைத்து அளந்துபார்த்தாள். நான் தாளை நிரப்பினேன். காலையில் பெரட்டில் மொழிபெயர்ப்பது: செய்தல். மலைக்கு ஏறுவது: நடந்துபோதல். ஆனால் பகலில் மொழிபெயர்ப்பு குறைந்துவிட்டிருந்தது. மிஸ்டர் வரதனின் சென்னைத் தமிழைக் கேட்டு முதலில் சிரித்த பெண்கள் இப்போது அவரிடம் நேரே பேசினார்கள். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நின்றேன். மாலையில் கதவுக்கு உள்பக்கம் நின்றேன். நிற்கும்போது நான் கேட்டேன், கற்றேன். அந்த மேசையில் எனக்கும் ஓரிடம் கிடைக்காதா என்று ஏங்கினேன். அதற்கெல்லாம் தாளில் கட்டம் இல்லை. கூப்பிட்டால் போக நின்றேன், கூப்பிடவில்லை. அதற்குப் பெயர் காத்திருத்தல் என்றுதான் அவர்கள் எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். அப்படியே எழுதினேன். தாளின் பெரும்பகுதி அதாகவே நிறைந்தது. மறுநாள் கொடுக்கும்போது மிஸ்டர் தெல்வத்த மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, நேரம் இருக்கிறது, இன்னொரு முறை பார்க்கலாமே என்று திருப்பித் தந்தார். இன்னொரு முறை கவனமாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

மாலை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். பங்களாவின் சமையல்கார அப்பு நான்காவது கோப்பை வைத்தார். விளக்கு வெளிச்சத்தில் வரைபடத்தை இவ்வளவு கிட்டத்திலிருந்து பார்ப்பது எனக்கு அதுவே முதல் தடவை. மிஸ்டர் ஆல்டன் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த நாட்டிலும் இவ்வளவு நேர்மையான தாளைத் தான் கண்டதில்லை என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே குரலில், கணக்கப்பிள்ளைக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி என்று வைத்துக்கொள்ள முடியாதல்லவா என்று என்னைக் கேட்டார். முடியாது என்றேன். அப்படிச் சொன்னது நான்தான். நைரோபியில் பேசும் சுவாஹிலியைப் படித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறேன் என்று பிறகு சொன்னேன். அங்கே அந்த மொழி தெரிந்த பையன் ஒருவன் கிடைப்பான் என்றார். 'தேவை என்று பட்டால்' என்று சொன்னது நினைவிருக்கிறதா என்றும் கேட்டார். நினைவிருக்கிறது என்றேன். தேநீரை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தேன். மிச்சம் வைப்பது மரியாதையாகப் படவில்லை.

மிஸ்டர் வரதன் மட்டும் லொறி நிற்கும் இடம்வரை என்னோடு நடந்துவந்தார். நல்ல மூட்டம். சிறிது தூரம் வந்ததும் நின்று, மாலை நேரத்துக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அடடா. நாங்க மூணு பேரும் அந்த நேரத்துக்கு, நாலு கட்டத்துக்கும் அடியில புதுசா ஒரு கோடு போட்டு 'சிந்தனை'ன்னு எழுதினோம். ஒருத்தர் பேசி முடிக்கட்டும்னு மத்த ரெண்டு பேரும் பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தோம். நீங்க அதைக் காத்திருத்தல்னு எழுதுவீங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல, நடேசன்."

இப்போது யட்டவத்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். நேரசூசியில் எனக்குப் பாடம் இல்லாத வேளைகளுக்கு எதிரே 'சிந்தனை' என்று தெளிவாக எழுதிவிட்டு, யாராவது அளக்க வரமாட்டார்களா என்று சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.